நீ புல் ஒட்டி மூடிய கொடுவாக்கால்

மூர்த்தி, அந்த ரயில் மாடலில் நீ ஊற்றி வைத்திருக்கிறாயே ஒரு நீலம், அது எந்த ஊர்த் தண்ணி என்று முதலில் எனக்குச் சொல். நானும் அறுபது வருஷமாகத் தண்ணியில் நிற்கிறவன். ஏரித் தண்ணி, ஆற்றுத் தண்ணி, உப்பங்கழித் தண்ணி, முகத்துவாரத்தில் கடலும் கழியும் முட்டிக்கொள்கிற தண்ணி, மழைக்காலத்தில் ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்குகிற தண்ணி, எல்லாவற்றிலும் இடுப்பளவு நின்றிருக்கிறேன். பாத்ரூம் கழுவுகிற மருந்தின் நிறத்தில் ஒரு தண்ணியை நம் பக்கத்தில் நான் கண்டதே இல்லை. போகட்டும், நீலம் ஊற்றினாய், அது உன் தொழில், கேட்டவன் கேட்ட நிறம். அதைக்கூட நான் முழுங்கிவிடுவேன். தண்ணி இருந்த இடத்தில் தண்ணியே இல்லாமல் செய்து, மேலே புல்லை ஒட்டி, அதன் மேலே ரயிலை ஓட விட்டிருக்கிறாய் பார், அதை என்னால் முழுங்க முடியவில்லை.

இதை எழுதுவது உன் அக்கா செல்வி. இன்று ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குக் கம்பெனி லீவு. நான் சொல்லச் சொல்ல அவள் எழுத வேண்டும் என்பதுதான் பேச்சு. ஆனால் நாலு வரிக்கு ஒரு முறை பேனாவை வைத்துவிட்டு, "நைனா, இப்படியெல்லாம் எழுதினா அவன் ஊட்டுப் பக்கமே வர மாட்டான்" என்கிறாள். நாலு வாரமாக வராதவன் இதுக்கு மேல் புதுசாக என்ன வராமல் இருக்கப் போகிறான், எழுது என்றேன். போன் போட்டால் நீ கட் பண்ணுகிறாய். காகிதத்தை அப்படி முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்கிறதுக்கு முன்னால் ரெண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும். என் பேச்சை அவள் பள்ளிக்கூடத் தமிழாக்கித்தான் எழுதுகிறாள். அடுத்தவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே வை என்று சொல்லியிருக்கிறேன். நாளை காலை ஷிப்டுக்குப் போகும்போது உன் பட்டறை வாசலில் இதை உன் கையில் கொடுப்பாள். வியாழக்கிழமை கூட்டம். அதற்குள் நீ இதை முழுக்கப் படித்துவிட வேண்டும்.

போன மாதம் நீதான் என்னைக் கூப்பிட்டாய், மறந்துவிடாதே. "நைனா, எங்க பட்டறைக்கு ஒரு ரயில் மாடல் வந்துருக்குது, நம்ம பக்கத்துக் கழிதான், தண்ணி எப்படி இருக்கும்னு வந்து சொல்லு" என்றாய். அதுவரைக்கும் நீ செய்தது எல்லாம் அடுக்குமாடி வீட்டு மாடல், அதில் ஒரு நீச்சல் குளம், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. ஒரு கம்பெனி, மெயின் லைனிலிருந்து தனியாகப் பாதை பிரித்து, ஆற்றைத் தாண்டி, கழி ஓரமாகவே தன் சரக்கு யார்டு வரைக்கும் கொண்டுபோகப் போகிறது. அதைச் சின்னதாகச் செய்து, கரண்டில் ஓடுகிற கூட்ஸ் வண்டியையும் விட்டு, ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கிற கூட்டத்தில் காட்ட வேண்டுமாம். தண்டவாளம் போட வேறு ஆள், மரம் நட வேறு ஆள், தண்ணிக்கு நீ. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. மீஞ்சூரில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டி வரைக்கும் வழியில் உட்கார்ந்தவன், நின்றவன் எல்லோரிடமும் சொன்னேன், என் பையன் தண்ணி செய்கிறான் என்று. வாட்டர் கேன் கம்பெனியா என்று ஒருத்தன் கேட்டான். அவனுக்கு விளக்கி முடிக்கிறதுக்குள் பொன்னேரி வந்துவிட்டது.

தொழிற்பேட்டையில் அந்தத் தகரக் கூரைப் பட்டறைக்குள் நுழைந்ததும் நான் பண்ணின காரியத்தை நீ இன்றைக்கும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டியவன். நாலு கட்டில் அளவுக்குப் பலகை. அதன் நடுவே ஆறு, ஆற்றின் மேல் இரும்புப் பாலம், பாலத்துக்குக் கீழே தண்ணி. என் கண்ணுக்கு அது தண்ணிதான். அடியில் சேறு தெரிகிறது, மேலே ட்யூப்லைட் ஆடுகிறது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இறால் தடவுகிற கை இது. தெரிகிற தண்ணிக்குள் கையை விட்டுச் சேற்றைத் தடவிப் பார்ப்பதுதான் அதற்குத் தெரியும். விட்டுவிட்டேன். அது ஊற்றி வைத்தால் கண்ணாடி மாதிரி இறுகுகிற ரெசின், அப்போது பாதிகூட இறுகவில்லை. பசை மாதிரி மணிக்கட்டு வரைக்கும் ஏறிக்கொண்டது. உன்னோடு வேலை செய்கிற தாஸ், "பெருசு, அதுல மீனு இல்ல, இன்னாத்த தடவுற?" என்றான். பட்டறையே சிரித்தது. உன் மூன்று நாள் வேலையைக் கெடுத்துவிட்டேன். நீ திட்டுவாய் என்று நினைத்தேன். நீயோ தாஸைப் பார்த்து, "எங்க நைனாவே ஏமாந்துட்டாருடா, இதுக்கு மேல இன்னாடா சர்ட்டிபிகேட்டு" என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய் போட்டு என் விரல் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாய். அன்றைக்கு நான் உன்னைப் பெற்றதை நினைத்து நிறைந்துபோனேன். அந்த மனசோடுதான் இப்போது திட்டுகிறேன்.

அதற்கப்புறம் நாலு நாள் உன்னோடு பட்டறையில் இருந்தேன், ஆனால் உனக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ கேட்டாய், நான் சொன்னேன், பாதிக்கு மேல் நீதான் எனக்குச் சொன்னாய். தண்ணிக்கு நிறம் தண்ணியில் இல்லை, அடியில் இருக்கிறது என்று நீ சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபது வருஷமாகப் பார்த்ததை ஒருத்தன் ஒரு வரியில் சொல்கிறானே என்று. அதனால்தான் பலகையில் முதலில் சேற்றின் நிறம் அடித்தாய், ஆழத்துக்குக் கறுப்பு, கரையை நோக்கி வெளுப்பு, அதற்கு மேல்தான் ரெசின். அதுவும் ஒரே ஊற்றாக ஊற்றக் கூடாது, மெலிசாக ஊற்றி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடியும் மெலிசாக. முட்டை முட்டையாக வருகிற காற்றைச் சின்ன நெருப்புக் காட்டி உடைத்தாய். முதல் தடவை பலகையில் இருந்த ஊசித் துளை வழியாக ஆறு முழுக்க இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. "தண்ணிதான்டா, சந்தேகமே இல்ல" என்றேன். நீ முறைத்தாய். பிறகு என்னைப் பார்த்து, "நைனா, ஒண்ணு முடிவு பண்ணு. ஏத்தமா, வத்தமா?" என்று கேட்டாய். வத்தம் என்றேன். தண்ணி வத்தின நேரத்தில்தானே கழியின் எலும்பு தெரியும். பாலத்துத் தூணில் கடல் ஏறி வருகிற ஏத்தம் எதுவரைக்கும் வந்து போனதோ அதுவரைக்கும் சிப்பி ஒட்டியிருக்கும் என்றேன், நீ முட்டை ஓட்டை நுணுக்கி ஒட்டினாய். கரைச் சேறு நிஜச் சேறாகவே இருக்கட்டும் என்று செல்வியிடம் ஒரு பை அள்ளிக்கொண்டு வரச் சொன்னாய். அவள் அதை உங்கள் அம்மாவின் தோசைக்கல்லில் போட்டு வறுத்துச் சலித்துக் கொடுத்தாள். அந்தக் கல்லில் இன்றைக்கும் தோசை எழும்பவில்லை என்று உன் அம்மா ரெண்டு பேரையும் கரித்துக்கொட்டுகிறாள்.

கொடுவாக்காலை வை என்று நான் கேட்கவே இல்லை. அதை நீயே வைத்தாய். பாலத்துக்கு வடக்கே, புதுப் பாதை வளைகிற இடத்தில், நம் குப்பத்துப் படகு முப்பதும் கழிக்குப் போக வர இருக்கிற ஒரே வழி அந்தக் கால்வாய்தானே. அது இல்லாமல் நம் பக்கத்தை எப்படிச் செய்வது என்று நீயாகவே ஒரு சாண் அகலத்துக்குப் பலகையை அறுத்து, சேறு வைத்து, தண்ணி ஊற்றினாய். எண்பத்தேழு மடங்கு சின்னது என்றாய். அதில் ஒரு படகு. படகில் என் நகத்தளவு ஒரு ஆள். ஒத்தை மயிர் பிரஷ்ஷால் அவனுக்குக் கட்டம் போட்ட லுங்கி வரைந்து, "இது யாரு சொல்லு" என்றாய். நான் அந்தக் கிழவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் கூன் போட்டுத் துடுப்புப் பிடிக்கிற அந்த வாகு, அது என்னைப் பார்த்துத்தான் செய்தது. நீ என்னைக் கவனிக்கிறாய் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பத்து நாள் கழித்து, உன் அம்மா வைத்த நண்டுக் குழம்பைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் ஆறு நீலம். சிப்பியைக் காணோம், தூண் எல்லாம் வெள்ளை. சரி, யாரோ கேட்டிருக்கிறான் என்று வடக்கே திரும்பினேன். கால்வாயைக் காணோம். அந்த இடத்தில் பச்சைப் புல், நாலு தென்னை, ஒரு பெஞ்சி. அந்தச் சேற்றில் தென்னை வளருமா, எவன் அங்கே போய் பெஞ்சியில் உட்காருவான். நீ முதுகைக் காட்டிக்கொண்டு ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தாய்.

"கால் எங்கடா?" என்றேன்.

"டிராயிங்ல இல்ல நைனா."

"போன வாரம் இருந்துச்சே."

"போன வாரம் நானா வச்சது. கம்பெனி சார் வந்து பாத்தாரு. டிராயிங்ல இல்லாதது மாடல்ல இருக்கக் கூடாதுன்னுட்டாரு. பிளாஸ்டர் ஊத்தி மூடியாச்சு."

"அதுல ஒரு ஆளு இருந்தானே, அவன் எங்க?"

"டப்பாவுல கீறான்."

டப்பாவில் இருக்கிறானாம். அப்போதுதான் நான் கத்தினேன். நீ நீச்சல் பழகினது எதிலே, உன் அம்மா உனக்குப் பால் கொடுத்துக்கொண்டே தலைச்சுமை இறாலோடு படகில் வந்தது எதிலே, பெருமழையில் குப்பத்துத் தண்ணி வடிந்து நாம் பிழைத்தது எதாலே, அந்த சார் பிறந்து வளர்ந்தது எங்கே, அவன் காட்டுகிற காகிதத்தைப் பார்த்து உன் கண் அவிந்துபோச்சா என்று கேட்டேன். எல்லோருக்கும் எதிரேதான் கேட்டேன். பட்டறை மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டது. நீ பதிலுக்குக் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நீ கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மேசையைத் திறந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து என் முன்னால் பிடித்தாய். "டிராயிங்ல ஏன் இல்லன்னு என்னக் கேக்குறியா நைனா? இது யாருது பாரு" என்றாய்.

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் கட்டைவிரலை எனக்குத் தெரியும். இளவட்டத்தில் சிப்பி கிழித்த தழும்பு, ரேகையின் நடுவே வெள்ளைக் கோடாக விழும். அந்தத் தாளில் அஞ்சு கைநாட்டு. ரெண்டாவதில் அந்தக் கோடு இருந்தது. "மேற்படி இடத்தில் நீரோட்டம் எதுவும் இல்லை, தரிசு" என்று நீ படித்துக் காட்டினாய். ஒரு தரம்தான் படித்தாய். தூக்குவாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் குழம்பை நீ சாப்பிட்டாயா இல்லையா என்று செல்வி கேட்கிறாள், அதை எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள்.

நாலு வாரமாக எல்லோர் மேலும் எனக்குக் கோபம். அந்தத் தாளை உன் கையில் கொடுத்த சார் மேலே, அதை எழுதினவன் மேலே, படித்துக் காட்டின உன் மேலே. ஊரில் கேட்கிறவர்களிடம் எல்லாம் நான் ஒரே கதையைத்தான் சொன்னேன்: எனக்குப் படிக்கத் தெரியாது, ரோடு போடுகிறதுக்கு என்று சொன்னார்கள், நம்பி வைத்தேன், ஏமாற்றிவிட்டார்கள். கேட்டவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். செல்வியிடமும் அதையேதான் இத்தனை நாளாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லப் போவதை அவளும் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

என்னை யாரும் ஏமாற்றவில்லை. கைநாட்டு வைத்த அந்த வருஷம் நீ பத்தாவது முடித்திருந்தாய். மார்க்கு கம்மி. ஐ.டி.ஐ. சீட்டுக்கு நான் நாலு வாசல் ஏறி இறங்கினேன், ஒருத்தனும் உட்காரச் சொல்லவில்லை. அப்போது நிலம் அளக்க ஒரு ஆள் நம் குப்பத்துக்கு வந்துகொண்டிருந்தான். எந்தக் கம்பெனிக்காக அளந்தான் என்று இன்றைக்கும் தெரியாது. பேச்சு வாக்கில் உன்னைப் பற்றிச் சொன்னேன். "சீட்டு தானே, நம்ம ஆளு ஒருத்தர் கீறாரு, வாங்கிடலாம்" என்றான். மறுநாள் அந்தத் தாளைக் கொண்டுவந்தான். கோயில் எதிரே அஞ்சு பேர் உட்கார்ந்தோம். அவன் மடமடவென்று படித்தான். தரிசு என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியப்பன், "கால் இல்லன்னு எழுதிருக்குது போலக்குது, இன்னொரு தபா படிக்கச் சொல்லு" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "படிச்சவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும், நீ சும்மா இரு" என்று அவன் தொடையை அழுத்தினேன். என்னை மதித்து மற்றவர்களும் வைத்தார்கள். கன்னியப்பன் மட்டும் வைக்கவில்லை, எழுந்து போனான். அவனுக்குப் பதிலாக வேறு ஒருத்தனைக் கூப்பிட்டு அஞ்சு ஆக்கினார்கள். அடுத்த மாதம் உனக்குச் சீட்டு வந்தது. உன் அம்மா அன்றைக்கு எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை. அவளுக்கு யார் சொன்னது என்று நான் இதுவரை கேட்கவில்லை.

அச்சு எடுப்பது, பிளாஸ்டர் ஊற்றுவது, ரெசின் கலப்பது எல்லாம் நீ அந்த ஐ.டி.ஐ.க்குப் போய்க் கற்றதுதானே. அதனால் இதைக் கேள். கொடுவாக்காலை முதலில் மூடினவன் நான். நீ ரெண்டாவது. செல்வி பேனாவை வைக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து எழுதுகிறோம்.

சொல்லு நைனா என்று அவளே பேனாவை எடுத்தாள். சொல்கிறேன். நான் மூடினதால் நீ மூடினது சரியாகிவிடாது மூர்த்தி. இதில்தான் எனக்கு உன் மேல் ஆத்திரம் அடங்கவே மாட்டேன் என்கிறது. எனக்கு எழுத்து தெரியாது, ஆசை கண்ணை மறைத்தது, ஒரு விரலை வைத்தேன். நீ எழுத்துப் படித்தவன். அந்தத் தாளைப் படித்தபோதே அது பொய் என்று உனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குப் பத்து நாள் முன்னால்தான் அந்தக் கால்வாயை உன் கையால் செய்திருந்தாய். ஆழத்துக்கு எவ்வளவு கறுப்பு அடிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கக்கூட இல்லை, உன் காலுக்கே அது தெரிந்திருந்தது. அப்படிப்பட்டவன், அப்பன் விரலைப் பார்த்ததும் பிளாஸ்டரைக் கரைத்திருக்கிறாய். என்னைப் பழிவாங்குகிறதுக்காகவா? என்னை வந்து திட்டியிருக்கலாமே. தூக்குவாளியை என் மேலேயே கவிழ்த்திருக்கலாம். கோபத்தைக் கோபக்காரன் மேலே காட்ட வேண்டும். முப்பது படகு போகிற வழியின் மேலே காட்டுவார்களா? பெரியவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அதையே தானும் செய்துகொள்ள லைசன்ஸ் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீ அவர்களோடு சேராதே.

அந்த டிராயிங் என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு டிராயிங்கில் இருக்கிறது, அதனால் ஆற்றுக்கு இரும்புப் பாலம். கால்வாய் டிராயிங்கில் இல்லை. இல்லாத கால்வாய்க்கு எவன் பாலம் கட்டுவான்? ஒரு குழாய்கூடப் புதைக்க மாட்டான். மண்ணைக் கொட்டிக் கரை போட்டு மேலே தண்டவாளம் வைப்பான். அன்றைக்கு நம் படகு எல்லாம் குப்பத்துக்குள்ளேயே நிற்கும். கழியில் வலை போடுகிற பாடு நமக்கு இருக்கும், கோயிலில் சீட்டுப் போட்டு இன்ன நாள் இன்ன இடத்தில் நீ வலை போடு என்று முறை வரும், முறை வந்தவனுக்குப் போக வழி இருக்காது. மழைத் தண்ணி அந்தக் கரையில் முட்டித் திரும்பி நம் வீட்டுக்குள் வரும். ரயில் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓடட்டும். அந்த இடத்தில் ஒரு பாலம் வை, படகுக்காரன் தலை இடிக்காத உயரத்துக்கு வை என்றுதான் கேட்கிறேன். அதைக் கேட்பதற்கு அங்கே தண்ணி இருக்கிறது என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை ஆபீசர்கள் வந்து பார்க்கப் போவது கழியை இல்லை, உன் பலகையை. ஜனங்களுக்கும் அதைத்தான் காட்டுவார்கள். அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாய், எவனும் சந்தேகப்பட மாட்டான். தண்ணியில் பிறந்த நானே கையை விட்டேனே.

நேற்று கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன். அந்த நாளுக்கு அப்புறம் அவனும் நானும் எதிரே பார்த்தால் இருமிக்கொண்டு போவோமே தவிரப் பேசினதில்லை. வலையில் ஈய மணி கோத்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு நீ சொன்னது சரிதான்ப்பா" என்றேன்.

"இன்னா?" என்றான். காது போய்விட்டது அவனுக்கு.

"நீ சொன்னது சரின்னேன்."

"அது எனக்கே தெரியும். அத்த சொல்றதுக்கு இத்தினி வருஷமா?"

"வியாழக்கிழமை மைக்குல சொல்லப் போறேன். கைநாட்டு என்னுது, அது பொய்யின்னு."

அவன் ஊசியைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டான். "சத்தமா சொல்லு. எனக்குக் கேக்காது" என்றான். அவன் வருகிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கைநாட்டு வைத்த அஞ்சு பேரில் மூன்று பேர் செத்துவிட்டார்கள், ஒருத்தன் மகளோடு வேப்பம்பட்டுக்குப் போய்விட்டான், அவனுக்கு நினைவு இல்லை. மிச்சம் நான்தான். நான் சொல்லாவிட்டால் அந்தத் தாள்தான் பேசும்.

உன்னிடம் இரண்டு கேட்கலாம் என்று இருந்தேன். முதலாவது, பிளாஸ்டரை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி தண்ணி ஊற்று, நாளைக்கு ஒரு ஊற்று, மறுநாள் ஒரு ஊற்று, வியாழக்கிழமைக்கு இறுகிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். செல்வி சிரிக்கிறாள். மாடலைப் பெட்டி கட்டி நேற்றே மீஞ்சூர்க் கல்யாண மண்டபத்துக்கு லாரியில் ஏற்றிவிட்டார்களாம், வாசலில் செக்யூரிட்டி போட்டிருக்கிறார்களாம், தாஸ் அவளிடம் சொன்னானாம். அப்படியானால் அது முடிந்துபோன காரியம். கொடுவாக்கால் தண்ணியை ஒரு குடம் கொண்டுபோய் அந்தப் புல்லின் மேலே ஊற்றிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. பிளாஸ்டர் குடிக்கும், ஒயர் பொறி பறக்கும், என்னைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள், கிழவனுக்குப் பைத்தியம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் வேண்டாம். உன் வேலையை ஒரு தடவை கையை விட்டுக் கெடுத்தேன், அது போதும். ஊற்றி இறுகினது மேலே நான் இனிக் கை வைக்க மாட்டேன்.

ரெண்டாவது இதுதான். அன்றைக்கு ரயிலை ஓட்டப் போவது நீ என்று தாஸ் சொன்னான். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து சுவிட்சைத் திருப்புகிற வேலை. வண்டி மெயின் லைனிலிருந்து பிரியும், ஆற்றுப் பாலம் ஏறும், எல்லோரும் கை தட்டுவார்கள், அப்புறம் வடக்கே வளையும். அந்த வளைவில்தான் தென்னை நிற்கிறது, பெஞ்சி கிடக்கிறது. நான் முன் வரிசையில் உட்கார மாட்டேன், உனக்குப் படபடப்பு வரும். மைக் இருக்கிற ஓரத்தில், உன் கண்ணில் படுகிற மாதிரி கன்னியப்பனோடு நிற்பேன். எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். நாலு பேர் எதிரே நின்றால் முதல் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும், ரெண்டாவது வார்த்தைக்குக் கோபம் வந்துவிடும். எந்தக் கால், எங்கே இருக்கிறது, காட்டு என்று ஆபீசர் கேட்டால், அவ்வளவு பெரிய பலகையில் தடுமாறிப் போவேன். கம்பெனி சார் அதற்குள் வண்டியை யார்டு வரைக்கும் ஓட்டிக் காட்டி, பேச்சை மாற்றிவிடுவார்.

உன் வேலை போய்விடும், அதையும் சொல்லு நைனா என்கிறாள் செல்வி. போகலாம். போகாமலும் இருக்கலாம். ஒயர் லூசு, வண்டி நின்றுவிட்டது என்று வேண்டுமானால் அவர்களிடம் சொல்லிக்கொள், அந்த ஒரு பொய்க்கு நான் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் இத்தனையும் எழுதச் சொன்னது உன்னை மன்னிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டியது முப்பது படகுக்காரனிடம், அதை அங்கே கேட்டுக்கொள்கிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம், என் மகன் என்றுகூடக் காட்டிக்கொள்ள வேண்டாம். வண்டி அந்தத் தென்னை நாலுக்கு எதிரே வரும்போது நான் வலது கையைத் தூக்குவேன். அங்கேயே நிறுத்து. ரயில் நின்றால் ஏன் நின்றது என்று மண்டபமே அந்த இடத்தைப் பார்க்கும். பார்த்த பிறகு அங்கே என்ன இருந்தது என்று நான் சொல்லிவிடுவேன்.